தறியூரிலிருந்து தொம்பை வரை

பவானிக் கூடுதுறையைப் பார்த்துவிட்டு காவிரிப் பாலத்தைக் கடந்தால் குமாரபாளையம். அக்கரை ஈரோடு மாவட்டம், இக்கரை நாமக்கல் மாவட்டம். அக்கரைக்குச் சங்கமேஸ்வரரும் ஜமுக்காளமும் பெயர் வாங்கித் தந்தார்கள் என்றால், இக்கரைக்கு விசைத்தறிதான் பெயர். தெருவுக்குத் தெரு தறிக்கூடம், சாயப்பட்டறை, பாவு ஓட்டும் இடம். கைலியும் துண்டும் சேலையும் இங்கிருந்து லாரி ஏறுகின்றன. அரிசியும் பருப்பும் எண்ணெயும் லாரியில் வந்து இறங்குகின்றன. 2011 கணக்கெடுப்பில் 71 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்த இந்த நகரில் சோறு ஆக்காத வீடு இல்லை, நெல் அளக்கும் வீடோ மிக அரிது. உணவுப் பாதுகாப்பைப் பற்றிய பயணத்தை வயல் நடுவில் தொடங்காமல் நெசவு ஊரில் தொடங்குவது சிலருக்கு விந்தையாகப் படலாம். ஆனால் பஞ்சம் முதலில் தட்டுவது விளைவிப்பவன் கதவை மட்டுமல்ல, வாங்கித் தின்பவன் கதவையும்தான். தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் உலை நிற்கும். இந்த ஊரிலிருந்து கிழக்கே கொல்லிமலை உச்சி வரை போகும் அரை நாள் வழியில், ஒரு வட்டாரம் தன் சோற்றை எப்படிக் கைநழுவ விட்டது, எங்கே அதை மீண்டும் பிடித்துக்கொள்ள முயல்கிறது என்பதை வரிசையாகப் பார்க்க முடியும்.

வழி தொடங்கும் முன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 1871இல் அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது அது ஏறக்குறைய 16 லட்சம். நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். அன்று இந்த மண்ணில் ரசாயன உரம் இல்லை, வீரிய விதை இல்லை. பெரும்பாலோர் சோளமும் கம்பும் கேழ்வரகும் சாமையும்தான் விதைத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அத்தனை பேரும் இயற்கை விவசாயிகள். அப்படியிருந்தும் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆகவே “பழையபடி சிறுதானியம் விதைத்தால் பசி போய்விடும்” என்று யாராவது சொன்னால், அதற்கு முதல் மறுப்பு சேலம் ஜில்லாவின் மக்கள்தொகைப் பட்டியலிலேயே இருக்கிறது.

அந்தப் பஞ்சம் மழை பொய்த்ததால் மட்டும் வந்ததல்ல. சேலம் வழியாக ரயில் 1860களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. தானியம் வர வசதி செய்த அதே தண்டவாளம், விலை கூடிய இடத்துக்குத் தானியம் போகவும் வசதி செய்தது. நாட்டுக்குள் பசி இருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பல் ஏறியது. துணி வாங்க ஆளில்லாமல் முதலில் முடங்கியவர்களில் நெசவாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனி நிவாரணமே அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்து, 1981இல் வெளிவந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் அமர்த்தியா சென் இதற்குக் கோட்பாடு வகுத்தார். நாட்டில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பஞ்சத்தை அளக்க முடியாது, அந்தத் தானியத்தின் மீது யாருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். இந்தக் கட்டுரையின் வாதமும் அதைப் பற்றியே நடக்கிறது. உணவுப் பாதுகாப்பு என்பது எந்தப் பயிர், எந்த உரம் என்ற கேள்விக்கு அடுத்த படியில் இருக்கிறது. விதை யார் வீட்டில் இருக்கிறது, அரவை யார் கையில் இருக்கிறது, விலையை யார் சொல்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் ஊர் ஒன்றுகூடிப் பதில் சொல்ல முடிகிற இடத்தில்தான் நிலைத்த விவசாயம் பசியைத் தடுக்கிறது. அந்த மூன்றும் கைவிட்டுப் போன இடத்தில் எவ்வளவு விளைந்தாலும் பயம் பயம்தான்.

குமாரபாளையத்தை விட்டுக் கிளம்பினால், மேட்டூர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாய் நனைக்கும் வயல்கள் கொஞ்ச தூரம் கூட வருகின்றன. 1934இல் முடிந்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி. அதன் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45 ஆயிரம் ஏக்கரை நனைக்கின்றன. ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவது வழக்கம், அதுவும் அணையில் இருந்தால். கால்வாயின் எல்லையைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. செம்மண், சரளை, ஆழக்கிணறு, ஆழ்துளைக் கிணறு, பனை, வேம்பு, அங்கங்கே கரடு. இதுதான் சேலம் நாமக்கல் சமவெளியின் இயல்பான மேனி. இங்கே தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் நின்ற மூன்று தானியங்களுக்கும் ஆப்பிரிக்காவே பூர்வீகம் என்பது பலருக்குத் தெரியாது. சோளம் இன்றைய சூடான், எத்தியோப்பியப் பகுதிகளில் பயிராக்கப்பட்டது. கம்பு சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்துப் பயிர். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் பயிர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடல் தாண்டி வந்து, கொங்கு நாட்டுக் களியாகவும் கூழாகவும் மாறிவிட்டன. ஆப்பிரிக்கக் கிராமங்களில் உணவுக்கு என்ன வழி என்று உலகம் பேசும்போது, அது நமக்குத் தொலைதூரச் சங்கதி அல்ல. நம் பாட்டன் கலயத்தில் இருந்ததே அந்த மண்ணின் தானியம்தான்.

திருச்செங்கோட்டு மலை கண்ணில் படும் இடத்தில் வரலாறு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்தால் வேறு வருமானமே இல்லாத வறண்ட நாட்டில், வீட்டிலிருந்தபடி நூல் நூற்றுக் கூலி பெறும் வழியைக் கதர் தந்தது. பயிர் பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரிய இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அது. திருச்செங்கோட்டின் கூட்டுறவு விற்பனைச் சங்கம் பருத்தி, மஞ்சள், எள் ஏலத்துக்குப் பெயர்போனது. ஏலம் என்றால் நாலு வியாபாரி போட்டி போடுவார்கள், எடை பொதுவில் நடக்கும், விலை எல்லோர் காதிலும் விழும். ஊர் கூடி விலை பேசுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பதற்கு இது சான்று. ஆனால் ஏலக்களத்தில் குவியும் மூட்டைகள் பெரும்பாலும் பணப்பயிர்கள். கேழ்வரகுக்கும் சாமைக்கும் அப்படியொரு களம் அமையவில்லை. சாப்பிடும் தானியம் வீட்டுக்கானது, அதற்கு எதற்குச் சந்தை என்று விட்டுவிட்டோம். சந்தை இல்லாத பயிர் மெல்ல மெல்ல நிலத்தையும் இழந்தது.

அந்த நிலத்தைப் பிடித்தது குச்சிக்கிழங்கு. பாடப்புத்தகம் மரவள்ளி என்று சொல்லும் கிழங்கு. தென் அமெரிக்காவில் பிறந்தது, போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கானோரின் அன்றாடச் சோறானது. இன்று உலகிலேயே அதிகம் விளைவிப்பது நைஜீரியா. கேரளத்தில் அது ஏழையின் உணவு. சேலம் நாமக்கல்லில் அது உணவாக நிற்கவில்லை, ஆலைக்கான மூலப்பொருளானது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் தொடங்கிய முயற்சியிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தெளியவிட்டு, ஈர மாவை உருட்டி வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் வழிகளில் அந்தப் புளித்த மாவு வாசனையே ஊரின் அடையாளம். 1981இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைத்த சேகோசர்வ் கூட்டுறவு, விற்பனைக்கு ஒழுங்கு கொண்டுவந்தது. சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்கும் வடக்குக்கும் போகிறது. அங்கே விரத நாள்களில் ஜவ்வரிசிதான் பலகாரம். ஆக, நாமக்கல் மானாவாரி விவசாயியின் வரவு செலவு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ நவராத்திரி விரதம் இருப்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது.

இதில் தவறு இருக்கிறது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. குச்சிக்கிழங்கு பல குடும்பங்களுக்குக் காரை வீடும் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பும் தந்திருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆலைக்குப் போன கிழங்கின் விலை எடையை மட்டும் வைத்து அமைவதில்லை, அதிலுள்ள மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ அளவை வைத்து அமைகிறது. அந்தப் பாயிண்டைப் பார்க்கும் தராசு ஆலைக்குள் இருக்கிறது. பத்து மாதம் நிலத்தில் கிடந்த உழைப்புக்கு ஒரு பகல் பொழுதில் இன்னொருவர் எண் சொல்கிறார். பிடுங்கிய கிழங்கை ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, கறுத்துப்போகும். அதனால் விலை பிடிக்கவில்லை என்று திரும்பிக் கொண்டுவரவும் வழியில்லை. கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை இல்லை. குதிரில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் வண்டு அண்டாது. விலை ஏறும்வரை காத்திருக்கலாம், ஏறாவிட்டால் தின்னலாம். காத்திருக்க முடிகிற பயிர் விவசாயிக்குப் பேரம் பேசும் தெம்பைத் தருகிறது. அந்தத் தெம்பைத்தான் நாம் டன் கணக்கு விளைச்சலுக்கு விற்றுவிட்டோம்.

ஒற்றைப் பயிரில் ஊரே நின்றால் என்ன ஆகும் என்பதை 2020க்குப் பின் வந்த ஆண்டுகள் காட்டின. குச்சிக்கிழங்கின் மாவுப்பூச்சி அந்த ஆண்டு கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு தமிழகத்தின் கிழங்கு வட்டாரத்துக்கும் பரவியது. குருத்து சுருண்டு, கணு குறுகி, கிழங்கு பருக்காமல் போயிற்று. மருந்து அடித்தவர்களும் தோற்றார்கள். வெள்ளைப் பஞ்சு போன்ற மெழுகுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை மருந்து எளிதில் எட்டுவதில்லை. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் கொங்கோவில் தொடங்கிக் கண்டம் முழுக்கப் பரவி, கிழங்கையே நம்பியிருந்த கோடிக்கணக்கானோரைப் பஞ்சத்தின் வாசலில் நிறுத்தியது. கிழங்கின் தாய்நிலத்தில் அதற்கு இயற்கை எதிரி இருக்க வேண்டும் என்று தேடியவர்கள், 1981இல் பராகுவேயில் ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கண்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று முடிக்கும். அந்தக் குளவியைப் பெருக்கி ஆப்பிரிக்க நாடுகளில் பறக்கவிட்ட பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலுள்ள ஆய்வு மையத்திலிருந்து பெங்களூரு வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அதே குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டது. கிழங்கு கடல் கடந்த பாதையிலேயே பூச்சியும் வந்தது. அதன் பின்னாலேயே குளவியும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். ஊர் மக்கள் முன்நின்று நடத்தும் விவசாயம் என்று பேசுகிறீர்கள், ஆனால் காப்பாற்றியது கடல் தாண்டிய ஆய்வுக்கூடம் அல்லவா என்று. மறுப்பு நியாயமானது. எந்தக் கிராமசபையும் தன் பணத்தில் பராகுவேக்கு ஆள் அனுப்பிக் குளவி தேட முடியாது. ஆனால் குளவி ஒரு வேலியையும் மதிப்பதில்லை. ஒருவர் தோட்டத்தில் விட்டால் பத்துப் பேர் தோட்டத்துக்குப் போகும். பத்துப் பேரில் இரண்டு பேர் பொறுமையிழந்து மருந்து அடித்தால் அத்தனை பேர் குளவியும் சாகும். யார் எப்போது மருந்தை நிறுத்துவது, நோய் கண்ட கரணையை யாரும் நடவுக்கு விற்காமல் எப்படித் தடுப்பது என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை. அவை ஊர்க் கட்டுப்பாடு. விஞ்ஞானம் கொடுத்ததை நிலத்தில் நிற்கவைப்பது ஊரின் ஒற்றுமை. நெசவு ஊர்க்காரருக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: பாவு ஓரிடத்தில் ஓட்டி வரலாம், ஊடை அந்தந்தத் தறியில்தான் ஓட வேண்டும். “சமூகம் நடத்தும் விவசாயம்” என்பதை ஆய்வுக்கூடத்துக்கு எதிர்ப்பதமாக நிறுத்துகிறவர்கள் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை.

நாமக்கல்லைத் தாண்டி, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்தால் கொல்லிமலை அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் காற்று மாறுகிறது, மிளகுக் கொடியும் காப்பியும் பலாவும் தென்படுகின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை என்பதும், அருவியும் கோயிலும் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை சரிவுகளில் இருக்கிறது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பள்ளத்தில் நெல்லும் மேட்டில் சிறுதானியமும் வைத்தவர்கள். சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் சுண்டாங்கி, பெருங்கேழ்வரகு, கருங்கேழ்வரகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு பருவம், ஒரு நிலம். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று வைக்கோல் தரும், ஒன்று மெலிந்த மண்ணிலும் நிற்கும். வீட்டில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய ‘தொம்பை’யில் தானியம் இருக்கும், அடுத்த விதைப்புக்கான விதையும் வீட்டில்தான். மழை எப்படிப் பெய்தாலும் ஏதாவது ஒன்று கை கொடுக்கும் என்ற ஏற்பாடு அது.

சாலை வந்தது, லாரி வந்தது, சேகோ ஆலையின் தேவையும் கூடவே மலையேறியது. சிறுதானியச் சரிவுகள் பெரும்பகுதி குச்சிக்கிழங்காயின. கிழங்கைப் பிடுங்கும்போதெல்லாம் சரிவு மண் கிளறப்பட்டு மழையில் கரைந்தது. மெலிந்த மண்ணுக்கு உர மூட்டை தேவைப்பட்டது. ஆனால் சாமையை மலையிலிருந்து விரட்டியது கிழங்கின் விலை மட்டுமல்ல, உலக்கையும்தான். சாமையின் உமி அரிசியைக் கெட்டியாகப் பற்றியிருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில். ரேஷன் கடையில் வெள்ளை அரிசி மூட்டை வந்து இறங்கியபோது, உலக்கையைக் கீழே வைத்த பெண்ணைக் குறை சொல்ல யாருக்கு வாய் உண்டு? பாரம்பரியம் அழிகிறதே என்று நகரத்திலிருந்து அங்கலாய்ப்பவர் யாரும் அந்த உலக்கையைப் பிடித்தவர் அல்லர்.

1990களில் இந்த மலையில் வேலை தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவத்தில் கற்க வேண்டியது இதைத்தான். பழைய ரகங்களைச் சேகரித்துப் பெயரிட்டு விதை வங்கி வைப்பது முதல் படி. அதோடு நின்றிருந்தால் அது ஓர் அருங்காட்சியகமாகப் போயிருக்கும். ஊர்க்குழுக்களிடம் உமி நீக்கும் சிறு எந்திரங்களும் மாவு அரைக்கும் எந்திரங்களும் கொடுத்து, அவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களே நடத்தும்படி செய்ததில் கதை திரும்பியது. வரிசை நடவு, விதைத் தேர்வு என்று சாகுபடி முறையும் செம்மையானது. அரிசியாகவும் மாவாகவும் பொட்டலம் கட்டி விற்கவும், விதை பரிமாறவும் குழுக்கள் சேர்ந்து 2009இல் ஒரு கூட்டமைப்பாயின. மலையெங்கும் கிழங்கு போய்ச் சாமை வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கிழங்கு இன்றும் நிற்கிறது. ஆனால் சாமை விதைக்க நினைப்பவருக்கு விதை ஊரிலேயே கிடைக்கிறது, குத்த வேண்டியதில்லை, விற்க ஒரு வழி இருக்கிறது. அற்றுப்போன தேர்வு திரும்ப வந்திருக்கிறது. அதுவே பெரிய காரியம்.

இதே பாடத்தை ஆப்பிரிக்கா வேறு வேறு வடிவில் கற்றிருக்கிறது. வடக்கு மலாவியில் எக்வெண்டேனி மருத்துவமனையைச் சுற்றிய கிராமங்களில் 2000ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கியது. உரம் வாங்க வழியில்லாத விவசாயிகள் மக்காச்சோளத்தோடு நிலக்கடலையும் துவரையும் சோயாவும் சேர்த்து வைத்து மண்ணைத் தேற்றினார்கள். சோதனை செய்து பார்த்ததும் விவசாயிகளே. ஆனால் விளைச்சல் மட்டும் கூடினால் குழந்தையின் எடை கூடுவதில்லை என்று விரைவில் தெரிந்தது. வேலை எல்லாம் பெண்ணின் மீது ஏறினால், குழந்தைக்குச் சமைக்கவும் ஊட்டவும் அவளுக்கு நேரம் ஏது? எனவே ஆண்களும் கூடிச் சமைக்கும் நாள்களை ஊர்ப் பொதுவில் நடத்தினார்கள். புர்கினா பாசோவில் யாகூபா சவாதோகோ 1980களின் வறட்சியில், கோடையிலேயே குழி தோண்டி எரு இட்டு மழைக்குக் காத்திருக்கும் பழைய முறையைச் செம்மைப்படுத்திப் பாறையான நிலத்தைப் பயிராக்கினார். அவருடைய பெரிய சாதனை குழியோடு முடியவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமத்தார் வந்து விதை மாற்றிக்கொள்ளத் தன் நிலத்திலேயே சந்தை கூட்டினார். விதை, வேலைப் பங்கீடு, சந்தை என்று கண்டம் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

இரண்டாவது மறுப்பு ரேஷன் கடையிலிருந்து வரும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அட்டை உள்ள வீட்டில் பட்டினி இல்லை. பிறகு எதற்கு இந்தச் சாமையும் தொம்பையும்? ரேஷன் அரிசியை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாது வருஷத்தை மீண்டும் வரவிடாமல் தடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது விவசாயியைத் தாங்கிப் பிடித்ததும் அதுவே. ஆனால் அது வயிற்றை நிறைக்கும் திட்டம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும் இடத்தில், தீட்டிய அரிசியில் பத்து அளவே உண்டு. தட்டில் பல தானியமும் பயறும் கீரையும் வேண்டும் என்பது இதனால்தான். இன்னொன்று, காவிரி நெல்லின் குடுமி மேட்டூரில் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை வழக்கமான ஜூன் 12இல் அணையைத் திறக்க முடியவில்லை. எனவே ரேஷன் கடையை மூட வேண்டாம், அதன் சாக்கில் உள்ளூர்த் தானியத்தையும் போட வேண்டும். 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் அந்த வழியில் வைத்த அடி. கொள்முதல் நிலையம் வந்தவுடன் கேழ்வரகுக்கும் ஒரு களம் கிடைத்தது.

மூன்றாவது மறுப்பு இலங்கையைக் காட்டும். 2021 ஏப்ரலில் அங்கு ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. இயற்கை விவசாயம் நாட்டையே பட்டினி போடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். மண்ணுக்குத் தொழு உரம் சேரும் முன்பே, விவசாயியைக் கேட்காமலே, தலைநகரிலிருந்து வந்த ஆணை அது. மக்கள் முன்நின்று நடத்துவதற்கு அதைவிட நேர் எதிரான ஒன்று இல்லை. ஆந்திரத்தில் 2016இல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டம் மகளிர் குழுக்கள் வழியாக, நிலத்தின் ஒரு பகுதியில் தொடங்கி, அண்டை விவசாயி காட்டிக் கற்கும் முறையில் ஊர் ஊராக நகர்கிறது. நம் பக்கத்திலேயே, கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே தர்மபுரி மாவட்டத்துச் சித்திலிங்கியில், 1993இல் பழங்குடியினருக்காகத் தொடங்கிய மருத்துவப் பணி நோயின் வேரைத் தேடிப் போய் நிலத்தில் நின்றது. அங்கே அமைந்த இயற்கை விவசாயிகள் சங்கம் ஒரு சில குடும்பங்களில் தொடங்கி நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. யாரும் தடை போடவில்லை. பக்கத்து வயலைப் பார்த்துச் சேர்ந்தார்கள். மெதுவாக நடப்பது குறை என்று சொல்வார்கள். மண் தேறுவதற்கும் நம்பிக்கை தேறுவதற்கும் ஆணை பிறப்பித்து வேகம் கூட்ட முடியாது.

இவையெல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மலைவாசியைச் சாமை விதைக்கச் சொல்லிவிட்டு, நாம் மட்டும் கிழங்கு விலையும் தறிக்கூலியும் கொண்டு நகரத்தில் வாழலாமா? வறுமையைப் பாரம்பரியம் என்று பெயர் மாற்றி மலையிலேயே வைத்திருக்கும் வேலை அல்லவா அது? இந்தக் கேள்விக்கு வாய்ச்சொல்லில் பதில் இல்லை, விலையில்தான் பதில் இருக்கிறது. கிழங்கை விட்டுவிடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிழங்குக்கு நடுவே ஊடுபயிர் வைக்கலாம், சரிவின் மேல்பகுதியைச் சாமைக்கு விடலாம், விற்பதற்கு ஒன்றும் தின்பதற்கு ஒன்றும் இருக்கட்டும். அதற்கு மேல் ஒருவர் சிறுதானியம் விதைக்க வேண்டுமானால் அதன் வருமானம் கிழங்கோடு போட்டி போட வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளில் சாமை அரிசியைவிட விலை கூடி விற்கிறது. அந்த ஏற்றத்தில் எவ்வளவு தொம்பைக்குத் திரும்பியது என்பதே கேள்வி. உமியோடு விற்றால் விவசாயிக்கு ஒரு விலை, உமி நீக்கி விற்றால் வேறு விலை. நடுவில் உள்ள வித்தியாசம் எந்திரம் யாருடையதோ அவருக்குப் போகிறது. ஆகவேதான் அரவை எந்திரம் இந்தக் கதையில் விதைக்குச் சமமான பாத்திரம்.

மலையிறங்கி மீண்டும் குமாரபாளையம் வரும்போது, இந்த நகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நிறையவே உண்டு. ஊர்கூடி விவசாயம் செய்பவர்களுக்கு, ஊர்கூடி வாங்குபவர்கள் வேண்டும். இந்தத் தறியூரிலும் இதுபோன்ற ஊர்களிலும் பள்ளிச் சத்துணவுக் கூடம், காலை உணவுத் திட்டம், மருத்துவமனைச் சமையல், விடுதி, ஆலைக் கேண்டீன் என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான தட்டுகள் நிறைகின்றன. வாரத்தில் ஒரு நாள் அவற்றில் கேழ்வரகும் சாமையும் கொல்லிமலைக் கூட்டமைப்பிடமிருந்தோ சித்திலிங்கிச் சங்கத்திடமிருந்தோ, விதைப்புக்கு முன்பே விலை பேசி வாங்கப்பட்டால், மலையில் எந்தச் சரிவில் என்ன விதைப்பது என்ற கணக்கு மாறும். தாது வருஷத்தில் தறி நின்று பட்டினி கிடந்த ஊர்களுக்கு இது தர்மம் அல்ல, தன் சோற்றுக்குத் தானே போட்டுக்கொள்ளும் இரண்டாவது வழி. காவிரியில் சாயக்கழிவு கலக்காமல் காப்பதும் அதே கணக்கில் சேரும். கீழே அந்தத் தண்ணீரில்தான் இந்த ஊர் தின்னும் நெல் விளைகிறது.

இப்படிப்பட்ட திட்டங்களைப் பார்வையிட வருபவர்களுக்கு வழக்கமாக வயலைக் காட்டுவார்கள், பசுமையாக இருக்கும். விதை வங்கியின் பானைகளைக் காட்டுவார்கள், அழகாக இருக்கும். கொல்லிமலையானாலும் மலாவியானாலும் அவற்றை அடுத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது அரவை எந்திரம் இருக்கும் கொட்டகை எங்கே என்று. அது அறுவடை முடிந்து ஆறு மாதம் கழித்தும் ஓடுகிறதா, பழுதானால் சரிசெய்ய யார் போகிறார்கள், அதன் சாவி எந்த வீட்டில் தொங்குகிறது, உமி நீங்கி வந்த அரிசியில் ஒரு மரக்கால் அந்த வீட்டுப் பானைக்கே போகிறதா என்று பார்த்தால் போதும். அந்த ஊருக்கு உணவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.